ராத்திரிக்குள் தீர வேண்டிய காசு

நடைமேடைப் பிள்ளைகள் – 9

பழைய டெல்லி ரயில் நிலையம். வண்டி நாலு மணி நேரம் தாமதம் என்று தெரிந்ததும் வெளியே ஒரு சோலே பட்டூரா கடையில் ஒதுங்கியிருந்தேன். அது நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. பக்கத்தில் பத்துப் பதினோரு வயதுப் பையன். காலித் தண்ணீர் பாட்டில் சாக்கை எடைக்குப் போட்டுவிட்டு வந்தவன், இரண்டாவது பிளேட் வாங்கினான். அதன் மேல் ஜிலேபி. அதற்கும் மேல் ஒரு கலர். மூச்சு வாங்க உட்கார்ந்து மிச்சச் சில்லறையை எண்ணினான். "அதை நாளைக்கு வெச்சுக்கயேன்" என்றேன் என் ஓட்டை இந்தியில். என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "ராத்திரி என்கிட்ட இருந்தா, காலைல வேற எவன்கிட்டயோ இருக்கும், அண்ணா."

எங்கள் வீட்டில் அம்மாவின் பணம் அரிசிப் பானையில் இருக்கும். அஞ்சறைப் பெட்டியின் அடித்தட்டில் இருக்கும். அப்பாவுக்கே தெரியாத புடவை மடிப்பு ஒன்றும் உண்டு. பள்ளிக்கூடத்தில் சஞ்சயிகா கணக்கு வேறு. சிறுதுளி பெருவெள்ளம் என்று வாத்தியார் சொல்லிக் காசு வாங்கிக்கொள்வார். சேமிக்க மனசு இருந்தால் போதும் என்றுதான் நானும் நம்பி வளர்ந்தேன். காசை ஒளித்து வைக்க முதலில் ஒரு வீடு வேண்டும் என்று எனக்குப் புரியவைத்தவன் அந்தப் பையன்தான்.

நடைமேடையில் தூங்குகிறவனுக்கு உடம்புதான் பெட்டி. டவுசர் மடிப்பு, காலுறை, பனியனுக்குள் ஒரு முடிச்சு. அயர்ந்து தூங்கினால் பெரிய பையன்கள் தடவிப் பார்த்துவிடுவார்கள். தூங்காமல் இருக்கலாம், எத்தனை நாள்? டீக்கடைக்காரரிடம் கொடுத்து வைக்கிற வழக்கமும் உண்டு. சிலர் நியாயமாகத் திருப்பித் தருவார்கள். சிலர், "எப்பக் குடுத்த?" என்று கேட்பார்கள். பையன் யாரைச் சாட்சிக்கு அழைப்பான்? ஆக, சம்பாதித்தது அன்றைக்கே தீர வேண்டும். சாப்பாடு, சினிமா, சூதாட்டம். எல்லாம் போக மிஞ்சியதில் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன். துணியில் ஊற்றி முகர்ந்தால் பசியும் குளிரும் தெரியாது. கூடவே புத்தியும் மங்கும். போதைப் பழக்கத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அதற்குப் போகிற காசு ஏன் ராத்திரி பத்து மணிக்குப் பையில் கனக்கிறது என்பதை யோசிப்பதில்லை.

போன வாரம் 1098 என்ற சிறார் உதவி எண்ணைப் பற்றி எழுதினேன். ஓடிவந்த பிள்ளையை வீட்டில் சேர்ப்பதுதானே முடிவு என்று சிலர் கேட்டிருந்தார்கள். வீடு திரும்பக்கூடிய பிள்ளைகளுக்கு அதுதான் சரி. அடி தாங்காமல் அந்த வீட்டிலிருந்தே ஓடிவந்தவன் என்ன செய்வான்? இன்னொரு பக்கம், குடும்பத்தோடு நடைபாதையில் இருக்கிற பிள்ளைகள். அவர்களை எந்த வீட்டுக்கு அனுப்ப? இந்த வாரம் இந்த இரு தரப்புப் பிள்ளைகளைப் பற்றித்தான்.

ரீட்டா பணிக்கர் 1989இல் டெல்லியில் தொடங்கிய 'பட்டர்ஃபிளைஸ்' அமைப்பு, பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கே போய்ப் பாடம் சொல்வது, மருந்து போடுவது என்று வேலை செய்துவந்தது. 2001இல் அது பிள்ளைகளுக்கென்று ஒரு சேமிப்பு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இன்று அதன் பெயர் பால் விகாஸ் கஜானா. கஜானா நம் சொல்லும்தான். சாந்தினி சவுக்கின் மேற்குக் கோடியில், பத்தேபூரி மசூதிப் பக்கத்தில் ஓர் இரவுத் தங்குமிடம். அங்கே ஒரு கிளை. பக்கத்திலேயே காரி பாவ்லி மசாலா மண்டி. மிளகாய் நெடி அந்த வட்டாரத்தையே தும்ம வைக்கும். ரயில் நிலையம் நடக்கிற தூரம்.

மாலையில் கொஞ்ச நேரம்தான் கஜானா திறந்திருக்கும். கவுன்ட்டருக்குப் பின்னால் மேனேஜர். அவனுக்கும் வயது பதினாலு, பதினைந்துதான். பிள்ளைகளே தங்களுக்குள் தேர்ந்தெடுத்து உட்கார வைத்தவன். கசங்கிய பத்து ரூபாய் நோட்டுகளை உள்ளங்கையால் தேய்த்து நிமிர்த்தி, எண்ணி, லெட்ஜரில் ஏற்றி, பாஸ்புக்கில் எழுதித் தருவான். சேர்ந்த பணம் பெரியவர்களின் பொறுப்பில் நிஜ வங்கிக்குப் போகும்.

ஒரு விதி மட்டும் கறார். திருடிய காசு, பிச்சைக் காசு, போதைப்பொருள் விற்ற காசு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எப்படித் தெரியும் என்று நாம் கேட்போம். மேனேஜர் கேட்க மாட்டான். அதே தெருவில் வளர்ந்தவன். ஒரு சாக்கு பாட்டில் எவ்வளவுக்குப் போகும், கல்யாண ஊர்வலத்தில் விளக்குத் தூக்கினால் என்ன கூலி என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. கொண்டுவந்த தொகை கூடுதலாக இருந்தால் அவன் புருவம்தான் முதலில் உயரும். எந்தக் கணக்காய்வாளருக்கு இந்தப் படிப்பு இருக்கிறது?

கடனும் உண்டு. வயதில் மூத்த பிள்ளைகள் சின்னதாக ஒரு தொழில் தொடங்கக் கேட்கலாம். கொடுக்கலாமா என்று பிள்ளைகளே கூடி முடிவெடுப்பார்கள். சட்டக் கல்லூரி மாணவர்கள் இங்கே கையைத் தூக்குவார்கள். 1903இல் மோகரி பீபி வழக்கில், மைனரோடு போட்ட ஒப்பந்தம் செல்லவே செல்லாது என்று பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் கடன் வாங்கிய மைனர் கல்கத்தாவில் தன் வீட்டை அடமானம் வைத்தவர். கஜானாவில் கடன் கேட்கிறவனிடம் அடமானம் வைக்க ஒரு செருப்பு இருந்தாலே அதிகம். திருப்பிக் கட்டாதவன் மீது வழக்குப் போட முடியாது. ஆனால் ராத்திரி அவன் படுக்க வேண்டியது அதே நாலு பேருக்குப் பக்கத்தில். அந்த ஜாமீன் போதும் என்று நினைக்கிறார்கள்.

இதில் ஒரு நெருடல் உண்டு, மறைக்கவில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு, குடும்பத் தொழில் போன்ற சில விலக்குகள் தவிர, 14 வயது நிறையாத பிள்ளையை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைப்பது குற்றம். பதினோரு வயதுப் பையனின் கூலியை வாங்கிக் கணக்கில் வைப்பது, அவன் வேலைக்குப் போவதை ஒப்புக்கொள்வதாகாதா? ரொம்ப நாள் எனக்கும் இந்த எரிச்சல் இருந்தது. இப்போது என் நினைப்பு வேறு. சட்டம் அவனை எட்டும்வரை அவன் சம்பாதிக்கத்தான் போகிறான். இன்று ராத்திரி அந்த முப்பது ரூபாய் பாஸ்புக்கில் ஏறுமா, சொல்யூஷன் டப்பாவில் இறங்குமா என்பதும் இன்றைக்கே பதில் வேண்டிய கேள்வி. அதோடு, காசு போட வருகிறவன் தினமும் ஒரு பெரியவர் கண்ணில் படுகிறான். கால் புண் சீழ் வைத்திருப்பதும், இருமல் நிற்காமல் இருப்பதும், இரண்டு நாளாக ஆளையே காணோம் என்பதும் அங்கேதான் தெரியவருகிறது.

கஜானா 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு. அதன் பிறகு நிஜ வங்கிதான். பத்து வயதுக்கு மேற்பட்ட மைனர்களே தனியாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி 2014இல் சொன்னது. காகிதம் இல்லாதவர்களுக்குச் சிறு கணக்கு என்றும் விதியில் ஒன்று இருக்கிறது. விதி உள்ளே இருக்கிறது. வாசலில் செக்யூரிட்டி நிற்கிறார். கஜானா கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து கணக்கு எழுதிய பையனே ஆனாலும், அவரைத் தாண்டி உள்ளே போய்ப் படிவத்தை வாங்கினால் பெயர், பிறந்த தேதி வரைக்கும் பேனா ஓடும். அடுத்த கட்டம், நிரந்தர முகவரி.

(தொடரும்)