மஞ்சள் போகும், வெள்ளை நிற்கும்

பல்லுக்குக் கிளிப் போட்ட பிள்ளை இருக்கும் தமிழ் வீட்டில் முதல் பழி சாம்பார் மீதுதான் விழும். மும்பை மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றிய தெருக்கள் தென்னிந்தியச் சாப்பாட்டுக்குப் பெயர்போனவை. 1940 முதல் நடக்கும் கஃபே மெட்ராஸ், 1942-இல் தொடங்கிய ராமா நாயக் உடுப்பி சாப்பாட்டுக்கூடம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அந்த மேசைகளில் இன்று கம்பி மின்னும் வாய்கள் சகஜம். "சட்னி மட்டும் தொட்டுக்கோ, சாம்பார் வேண்டாம், ரப்பர் மஞ்சளாயிடும்" என்ற அம்மாக்களின் எச்சரிக்கையும் அதே அளவுக்குச் சகஜம்.

அந்தப் பயத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அஞ்ச வேண்டிய கறை அது இல்லை. கிளிப் காலத்தில் சட்டென்று கண்ணில் படுவது மஞ்சள். பல்லைக் கெடுப்பது வெள்ளை. முதலாவதுக்கு ஆயுள் ஒரு மாதம். இரண்டாவது வாழ்நாள் முழுக்க நிற்கலாம்.

மஞ்சளை முதலில் முடித்துவிடலாம். அது ஏறுவது பல்லில் அல்ல, பல்லில் ஒட்டிய பிராக்கெட்டோடு கம்பியைச் சேர்த்துப் பிடிக்கும் குட்டி வளையத்தில். ரப்பர் என்று சொல்கிறோமே தவிர, அது பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது, எண்ணெயில் கரையும். தாளித்துக் கொட்டிய சாம்பாரிலும் வடாபாவுக்குள் இருக்கும் உருளைக்கிழங்கு மசாலாவிலும் அது எண்ணெயோடு சேர்ந்தே வாய்க்குள் வருகிறது. பாலியூரித்தேன் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நிறம் மேலே படியாமல் உள்ளே ஊறிவிடுவதால் எவ்வளவு தேய்த்தாலும் போவதில்லை.

குர்குமினை 1815-இல் ஐரோப்பிய வேதியியலாளர்கள் மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதன் மூலக்கூறு அமைப்பு 1910-இல் தெரியவந்தது. அதன் குணங்களோ நம் வீடுகளுக்குப் பழக்கமானவை. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பது, காரம் பட்டால் குர்குமின் நிறம் மாறுவதால். மஞ்சள் பட்ட வேட்டி வெயிலில் காயக் காய வெளிறுவது, ஒளி அந்த மூலக்கூறைச் சிதைப்பதால். வாய்க்குள் வெயில் ஏது? அதனால் வளையம் மஞ்சளாகவே இருக்கும், மருத்துவர் அதைக் கழற்றிப் புதிது மாட்டும்வரை. வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை மாற்றுவார்கள்.

நிறமற்ற வளையமும் வெள்ளை வளையமும்தான் மஞ்சளை அதிகம் காட்டிக்கொடுக்கும். சாம்பல், அடர்நீலம், கருஞ்சிவப்பு கேட்டு வாங்கிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. மெல்லிய எஃகுக் கம்பியால் கட்டச் சொல்லலாம். வளையமே வேண்டாத, தானே மூடிக்கொள்ளும் பிராக்கெட்டுகளும் இருக்கின்றன. பல்லின் நிறத்திலேயே வரும் பீங்கான் பிராக்கெட் அலுமினாவால் ஆனது, அதில் கறை எளிதில் ஏறாது; அதன்மேல் மாட்டும் வளையத்தில் ஏறும். உறவில் கல்யாணமா? இலையில் சாம்பாரும் கூட்டும் நிறையச் சாப்பிட்டுவிட்டு மறுநாளைக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கிக்கொள்ளலாம். ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையின் தட்டிலிருந்து இரண்டு வருடம் சாம்பாரை எடுத்துவிடும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

வெள்ளையின் கதை வேறு. கிளிப்பைக் கழற்றும் நாளில்தான் பல வீடுகளில் அது தெரியவரும். பல் வரிசை நேராகியிருக்கும். பிராக்கெட் உட்கார்ந்திருந்த இடம் பல்லின் சொந்த நிறத்தில் இருக்கும். அதைச் சுற்றி, ஈறுப் பக்கமாக, சுண்ணாம்பு அடித்ததுபோல் ஒரு மங்கிய வெள்ளை.

பல்லின் மேலுறையான எனாமலில் எடைக்கு எடை ஏறக்குறைய 96 சதவீதம் தாதுப்பொருள். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட் அது. பிராக்கெட்டைச் சுற்றிச் சேரும் ஊத்தையில் வாழும் பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலம் வெளியிடுகின்றன. அந்த இடத்தின் அமில-கார அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியம் கரையத் தொடங்கும். இழப்பு மேற்பரப்பில் தெரியாது. மேலே மெல்லிய ஒரு படலம் அப்படியே இருக்க, அதற்குக் கீழே நுண்துளைகள் பெருகும். நல்ல எனாமலின் ஒளிவிலகல் எண் 1.62, துளைகளில் நிறையும் நீருக்கு 1.33, காற்றுக்கு 1. இந்த வேறுபாட்டால் உள்ளே போகும் ஒளி சிதறி வெள்ளையாகத் திரும்பி வருகிறது. பல் மருத்துவர் காற்றை ஊதி உலர்த்திப் பார்ப்பது இதற்காகத்தான். ஈரத்தில் மறைந்திருக்கும் ஆரம்பச் சேதம் உலர்ந்ததும் வெளிப்படும். சொத்தையின் முதல் படி இது.

1982-இல் அமெரிக்காவில் கோரலிக், கைகர், குவின்னெட் மூவரும் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. கிளிப் சிகிச்சை முடித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குறைந்தது ஒரு பல்லிலாவது வெள்ளைத் தழும்பு இருந்தது. அதிகம் பாதிக்கப்பட்டவை மேல்வரிசையில் நடுப்பற்களுக்குப் பக்கத்துப் பற்கள், அதாவது சிரிக்கும்போது முதலில் தெரிகிறவை. எச்சில் அங்கே குறைவாகவே எட்டுகிறது. கீழ்வரிசை முன்பற்களின் உட்புறம் ஒட்டிய கம்பிகளையும் அவர்கள் பார்த்தார்கள். அங்கே ஒரு தழும்பும் இல்லை. நாக்கின் கீழிருந்து எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும் இடம் அது. கம்பி இருப்பதால் மட்டும் கெடுதல் வருவதில்லை. எச்சிலும் பிரஷும் எட்டாத ஊத்தைதான் கெடுக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

எவ்வளவு சீக்கிரம் கெடுக்கிறது? 1988-இல் நார்வேயின் ஓகார்டும் சகாக்களும், எப்படியும் பிடுங்க வேண்டியிருந்த கடைவாய்ப் பக்கப் பற்களில் ஊத்தை தங்கும்படி உலோகப் பட்டை பொருத்திப் பார்த்தார்கள். ஃப்ளோரைடு இல்லாத நிலையில் நான்கே வாரத்தில் கண்ணுக்குத் தெரியும் வெள்ளை வந்துவிட்டது. நான்கு வாரம் என்றால் ஒரு ரப்பர் மாற்றத்துக்கும் அடுத்ததுக்கும் இடைப்பட்ட காலம். மருத்துவர் அடுத்த முறை பார்ப்பதற்குள் சேதம் நடந்து முடிந்திருக்கலாம்.

இங்கேதான் மும்பைத் தமிழ்ப் பிள்ளையின் ஒரு நாளைக் கவனிக்க வேண்டும். காலையில் சர்க்கரை போட்ட காபி. பள்ளிக்குப் போகும் வழியில் பிஸ்கட். இடைவேளையில் குளிர்பானம். டியூஷனுக்கு முன் ஒரு கட்டிங் சாய். செம்பூர் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது காலா கட்டா கோலா: சர்க்கரை, புளிப்பு, அடர்நிறம், அதோடு பிராக்கெட்டைப் பெயர்த்துவிடக்கூடிய ஐஸ். கட்டிங் சின்னக் கிளாஸ்தானே என்ற சமாதானம் பல்லிடம் செல்லாது. சர்க்கரை பட்ட சில நிமிடங்களில் ஊத்தைக்குள் அமிலம் ஏறுவதையும் அது மெல்ல, அரை மணி நேரமோ அதற்கு மேலோ எடுத்துத் தணிவதையும் ராபர்ட் ஸ்டெஃபன் 1940-களிலேயே அளந்து காட்டினார். ஒரு வாய் இனிப்பானாலும் ஒரு டம்ளர் இனிப்பானாலும் ஏற்றம் ஏற்றம்தான். ஐந்து முறை கொறித்தால் எனாமல் ஐந்து முறை கரையும் நிலைக்குப் போகிறது. எச்சில் கால்சியத்தைத் திருப்பிப் போட நேரமே கிடைப்பதில்லை. வீட்டில் சாம்பாரைத் தடுத்துவிட்டு இதையெல்லாம் விட்டுவிடுகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடுவது நல்லது. தனியாக, விட்டுவிட்டுக் கொறிப்பதுதான் கூடாது. தாராவியில் தமிழ்ப் பெண்கள் சுட்டு விற்கும் முறுக்கை முழுசாகக் கடிக்க வேண்டாம், உடைத்து ஊறவைத்துத் தின்னலாம். பிராக்கெட் ஒவ்வொரு முறை பெயரும்போதும் சிகிச்சை நீள்கிறது. சிகிச்சை நீள நீள வெள்ளைக்கு வாய்ப்பும் கூடுகிறது. விடியுமுன் அதே தாராவியில் அவிந்து, தலையிலும் சைக்கிளிலும் நகரமெங்கும் போகும் இட்லியைவிடக் கிளிப்புக்கு இதமான பலகாரம் எது?

தண்ணீரைப் பற்றியும் பேச வேண்டும். தாராவியின் பல சந்துகளில் குழாயில் தண்ணீர் வருவது ஒரு நாளில் சில மணி நேரம்தான். "சாப்பிட்டதும் நன்றாகக் கொப்பளி, மூன்று வேளை பிரஷ் செய்" என்ற அறிவுரை அங்கே சொல்வதுபோல் எளிதல்ல. ஒரு வாய்த் தண்ணீரை அரை நிமிடம் அலசித் துப்பினாலும் பயன் உண்டு. பள்ளிப் பையில் பாட்டில் இருந்தால் போதும். முழுக் கவனத்தோடு செய்ய வேண்டியது இரவுப் பிரஷ். தூங்கும்போது எச்சில் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

மும்பைக்குத் தண்ணீர் தருபவை பட்சா, தான்சா, வைதர்ணா, விஹார் முதலான ஏழு நீர்நிலைகள். மழைநீர் தேங்கிய ஏரிகளில் ஃப்ளோரைடு மிகக் குறைவு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இதற்கு நேர்மாறு. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து பல்லிலும் எலும்பிலும் நோய் கண்டதால்தான் ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்த ஊர்களில் வளர்ந்து மும்பை வந்த பிள்ளைக்குக் கிளிப் போடும் முன்பே பல்லில் வெள்ளைத் திட்டுகள் இருக்கக்கூடும். ஆகவே தொடங்குமுன் பற்களைப் படம் எடுத்து வைக்கச் சொல்வது நல்லது. மும்பைத் தண்ணீரையே குடித்து வளர்ந்த பிள்ளைக்கு ஃப்ளோரைடு பேஸ்டிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஃப்ளோரைடு சேர்ந்து மறுபடி படியும் தாது அமிலத்துக்கு எளிதில் கரையாது; அது கரையத் தொடங்கும் அமில-கார அளவு ஏறக்குறைய 4.5. இந்தியச் சட்டப்படி பேஸ்டில் ஃப்ளோரைடு பத்து லட்சத்தில் 1000 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அட்டையில் அளவு அச்சிட்டிருக்க வேண்டும். பார்த்து, அந்த அளவுக்கு நெருங்கியதை வாங்குங்கள். மூலிகை பேஸ்டுகள் பலவற்றில் ஃப்ளோரைடே இருப்பதில்லை. பிரஷ் செய்தபின் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர்விட்டுக் கழுவித் தள்ள வேண்டாம். தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள வீட்டுக்கும் இது தோது. வெள்ளை தொடங்கிவிட்டதாக மருத்துவர் கண்டால் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசுவார்.

பிரஷ் போக வேண்டிய இடம் பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள அந்தக் குறுகிய பட்டை. வெள்ளை பிறப்பது அங்கேதான். கம்பிக்கு மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று. பிறகு பாட்டில் கழுவும் பிரஷின் குட்டி வடிவமாக மருந்துக்கடையில் கிடைக்கும் இடைப்பல் பிரஷைக் கம்பிக்கு அடியில் விட்டு ஒவ்வொரு பிராக்கெட்டின் பக்கவாட்டிலும். தனியார் கிளினிக்கில் பல்லாயிரம் ரூபாய் கொடுத்துக் கிளிப் போட்ட வீட்டிலும், கட்டணம் குறைவென்று மும்பை சென்ட்ரலின் நாயர் பல் மருத்துவக் கல்லூரிக்கோ செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்து அரசுக் கல்லூரிக்கோ போய்க் காத்திருந்து போட்ட வீட்டிலும் இந்தச் சின்ன பிரஷ் இல்லாமல் இருப்பதுண்டு. கம்பிக்குச் செலவழித்த பணத்தைக் காப்பது இதுதான்.

பழுப்புக் கறை பற்றிச் சுருக்கமாக. டீயின் டானின் பல்லைவிட, பிராக்கெட் ஓரத்தில் பிதுங்கி நிற்கும் பசையின் சொரசொரப்பில் நன்றாகப் பிடிக்கும். கழற்றும்போது மெருகேற்றினால் போய்விடும். பாலின் கேசீன் டானினைப் பிடித்துக்கொள்வதால் பால் டீயைவிடக் கடுந்தேநீர்தான் அதிகம் கறையாக்கும். ஈறு வீங்கினால் எழுதித்தரும் குளோர்ஹெக்சிடின் மௌத்வாஷை, நல்லதுதானே என்று மாதக்கணக்கில் தொடர்ந்தால் அதுவே டீ, காபி நிறங்களைப் பல்லில் படியவைக்கும். சொன்ன நாளோடு நிறுத்திவிட வேண்டும். மகாராஷ்டிர வீடுகளில் வறுத்த புகையிலைப் பொடியான மிஷ்ரியால் பல் தேய்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் பார்த்து நம் பிள்ளைகள் பழகிவிடக் கூடாது. அங்கே கறை மிகச் சிறிய ஆபத்து. உப்பும் எலுமிச்சையும், உமிக்கரி எல்லாம் எனாமலைத் தேய்த்தும் கரைத்தும் விடுமே தவிர வெள்ளையை எடுக்காது.

கழற்றியபின் வெள்ளை இருந்தால் உடனே ப்ளீச்சிங்குக்கு ஓட வேண்டாம். ஊத்தை நீங்கியதும் எச்சில் தன் வேலையைத் தொடங்கும். முதல் சில மாதங்களில் பல திட்டுகள் தாமாகவே மங்குகின்றன. ஆறு மாதம் பொறுத்தும் மங்காதவற்றுக்கு, ஜெர்மனியில் உருவான பிசின் ஊட்டும் முறை இருக்கிறது. மேற்படலத்தை அமிலத்தால் திறந்து, நீர்த்த பிசினைத் துளைகளுக்குள் ஊறவிட்டு ஒளியால் இறுகவைக்கிறார்கள். பிசினின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.5, எனாமலுக்குப் பக்கத்தில் வருவதால் ஒளிச் சிதறல் குறைந்து வெள்ளை மறைகிறது. இழந்த தாது திரும்புவதில்லை.

கிளிப் போனபின் பற்கள் பழைய இடத்துக்கு நகராமல் இருக்க, கீழ் முன்பற்களின் உட்புறம் ஒரு மெல்லிய கம்பியை ஒட்டிவிடுவார்கள். கோரலிக் குழு ஒரு தழும்பும் காணாத அதே இடம். ஆனால் அங்கே ஊறும் எச்சிலில் கால்சியம் நிறைந்திருப்பதால் கம்பியைச் சுற்றிக் காரை கட்டும். டீ நிறம் அந்தக் காரையில் நன்றாகவே பிடிக்கும். அதை பிரஷால் எடுக்க முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் போய்ச் சுரண்டி எடுக்க வேண்டும். கம்பி ஒட்டிய அன்றைக்கே அடுத்த தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.