கீழாநெல்லியும் எட்டு மணி நேரமும்

விழுப்புரம், திண்டிவனம் பகுதிக் கிராமங்களில் ஒரு மாணவனுக்குக் கண் மஞ்சளானால் வீட்டார் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். மழைக்குப் பின் வரப்பிலும் பள்ளி வேலியோரத்திலும் தானே முளைத்துக் கிடக்கும் செடி. இலைகளின் அடியில் வரிசையாகத் தொங்கும் சிறு காய்களால் வந்த பெயர். அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்கள். பெரும்பாலும் பிள்ளை தேறிவிடும்.

ஆனால் பிள்ளைகளுக்கு வரும் காமாலையில் பெரும்பகுதி, அசுத்தமான குடிநீராலும் உணவாலும் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸால் வருவது. அது பெரும்பாலும் சில வாரங்களில் தானே ஆறிவிடும். செடி கொடுக்காத பிள்ளையும் தேறியிருக்கும். 'கொடுத்தோம், தேறினான்' என்பது சான்றாகாது.

1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர் இதைச் சரியாகவே கையாண்டார்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உள்ளவர்களில் ஒரு பிரிவுக்குக் கீழாநெல்லியும் மற்றப் பிரிவுக்குப் போலி மருந்தும் 30 நாள் கொடுத்தார்கள். முதல் பிரிவில் 37 பேரில் 22 பேருக்கும், இரண்டாவதில் 23 பேரில் ஒருவருக்கும் வைரஸின் அடையாளம் இரத்தத்தில் மறைந்திருந்தது. 'லான்செட்' இதழில் வெளியான இம்முடிவு, பின்னர் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடந்த ஆய்வுகளில் கிடைக்கவில்லை. கட்டுப்பாட்டுப் பிரிவு ஏன் வேண்டும், ஓர் ஆய்வோடு ஏன் நிறுத்தக்கூடாது என்று கற்பிக்க இதைவிட நல்ல உள்ளூர் எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

மருந்தால் கெடும் கல்லீரல் வேறு கதை. காய்ச்சலுக்கு நாம் கொடுக்கும் பாராசிட்டமாலில் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நச்சாக மாறுகிறது. அங்குள்ள குளுட்டாதயோன் என்ற பொருள் அதை அடக்கிவிடும். அளவு மீறினால் குளுட்டாதயோன் தீர்ந்துபோய், நச்சு கல்லீரல் செல்களைத் தாக்கும். முதல் நாளில் குமட்டலைத் தவிர எதுவும் தெரியாமலும் போகலாம்.

இந்த நச்சிலிருந்து எலிகளின் கல்லீரலைக் கீழாநெல்லிச் சாறு காத்ததாக ஆய்வுகள் உண்டு. அவற்றின் அமைப்பைக் கவனியுங்கள். பலவற்றில் சாற்றைச் சில நாள்கள் கொடுத்துவிட்டுப் பிறகே பாராசிட்டமாலைக் கொடுக்கிறார்கள். நம் பிள்ளைகளோ மாத்திரையை விழுங்கிய பிறகுதான் நம்மிடம் வருகிறார்கள். அவர்களுக்குரிய நச்சுமுறிவு மருந்து அசிட்டைல்சிஸ்டீன். அதை எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் மிக அதிகம். வரப்பில் செடி தேடும் நேரமும் அந்த எட்டு மணியிலிருந்துதான் கழிகிறது. பிள்ளை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும், 108ஐ அழைத்து, மாத்திரை அட்டையுடன் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

காசநோய்க்கு மாத்திரை எடுக்கும் மாணவர்கள் தனிக் கவனத்துக்குரியவர்கள். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. பசியின்மை, வாந்தி, அடர்நிறச் சிறுநீர் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். எதை நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை அவரே சொல்வார். மாத்திரையை விட்டுவிட்டுச் சாற்றுக்கு மாறினால் காசநோய் முற்றும். வீட்டில் ஏற்கெனவே சாறோ சூரணமோ கொடுத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லும்படி பெற்றோரிடம் கூறுங்கள். மூலிகைகளிலும் கல்லீரலைக் கெடுப்பவை உண்டு.