பழி யாருக்குச் சொந்தம்?

2008 மார்ச் 19 அன்று வேலூர் பெண்கள் சிறையில் பிரியங்கா காந்தி, தன் தந்தை ராஜீவ் காந்தியின் கொலை வழக்கில் தண்டனை பெற்ற நலினியைச் சந்தித்தார். செய்தி வெளியே கசிய ஏறத்தாழ ஒரு மாதம் ஆனது. அரசியல் நாடகம் என்றார்கள் சிலர், பெருந்தன்மை என்றார்கள் சிலர். தனக்கு நேர்ந்த வன்முறையோடும் இழப்போடும் சமாதானமாகத் தனக்குத் தெரிந்த வழி அது என்று மட்டும் பிரியங்கா சொன்னார். நலினி பிற்பாடு சொன்னபடி, அப்பாவை ஏன் கொன்றீர்கள் என்பதுதான் பிரியங்காவின் கேள்வி.

கொலை நடந்து அப்போது ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. நலினியைப் பொறுத்தவரை விசாரணை, மேல்முறையீடு, தூக்கு, ஆயுள் என்று எல்லாம் முடிந்திருந்தன. அத்தனைக்குப் பிறகும் மகளிடம் அந்தக் கேள்வி மிச்சமிருந்தது.

கொடூரமான குற்றம் ஒன்று நடந்தால் டீக்கடையில் தொடங்கி டி.வி. விவாதம் வரை ஒரு வசனம் தவறாமல் வரும்: “உன் வீட்ல நடந்திருந்தா இப்படிப் பேசுவியா?” தண்டனை என்பது பாதிக்கப்பட்டவருக்காக அரசு வாங்கித் தரும் பழி என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. அந்த நம்பிக்கையை உரசிப் பார்க்க ராஜீவ் கொலை வழக்கைவிடப் பொருத்தமான வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை. ஏனென்றால், அந்த வீட்டில் நடந்தது. அந்த வீட்டுக்காரர்கள் வேறு மாதிரி பேசினார்கள்.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு சேர்ந்து பாதுகாப்புக்கு வந்த காவலர்களும் கட்சிக்காரர்களுமாகப் பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். குண்டைக் கட்டி வந்த தனு அங்கேயே சிதறினாள். சதியை முன்னின்று நடத்திய சிவராசனும் கூட்டாளி சுபாவும் மூன்று மாதம் கழித்து பெங்களூரு அருகே கோனனகுண்டேயில் சுற்றிவளைக்கப்பட்டபோது இறந்தார்கள். குற்றப்பத்திரிகையில் பெயர் இருந்த விடுதலைப் புலித் தலைவர்கள் பிரபாகரனும் பொட்டு அம்மானும் கடைசிவரை நீதிமன்றப் படி ஏறவில்லை. ஆக, யார்மீது பழி தீர்க்க வேண்டுமோ அவர்களில் பலர் செத்துவிட்டார்கள், மற்றவர்கள் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். கூண்டில் மிஞ்சியவர்கள் 26 பேர்.

1998 ஜனவரி 28-ல் தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றம் அந்த 26 பேருக்கும் தூக்கு விதித்தது. ஒருவர் பாக்கியில்லை. 1999 மே 11-ல் உச்ச நீதிமன்றம் தடா குற்றச்சாட்டே பொருந்தாது என்று சொல்லி, 19 பேரை விடுவித்தது. மூவருக்கு ஆயுள், நலினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் நால்வருக்குத் தூக்கு. ஒன்றேகால் ஆண்டு இடைவெளியில் 26 கயிறுகள் நான்காகின. கோபத்துக்கு ஓர் இயல்பு உண்டு. கைக்கு அகப்பட்டவனைப் பிடித்துக்கொள்ளும். முதல் தீர்ப்பிலேயே நாட்டின் கோபம் தணிந்திருக்கும். மேல்முறையீடு என்ற சலிப்பூட்டும் நடைமுறை இல்லையென்றால் அந்த 19 பேர் இல்லை.

பேரறிவாளன் கதை ஊரறிந்தது. கைதாகும்போது வயது 19. அவர் வாங்கிக் கொடுத்த இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகள் குண்டில் பயன்பட்டன என்பது வழக்கு. அவற்றை எதற்காகக் கேட்டார்கள் என்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதை வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டதாக, அதைப் பதிவுசெய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜனே 2013-ல் ஒப்புக்கொண்டார். எழுதாமல் விட்ட அந்த வரிக்குள் ஓர் உயிர் இருந்தது.

இனி அந்த வீட்டுக்கு வருவோம். நால்வரும் தூக்கில் தொங்குவதைத் தானும் தன் பிள்ளைகளும் விரும்பவில்லை என்று சோனியா காந்தி குடியரசுத் தலைவரிடம் தெரிவித்தார். நலினிக்கு அப்போது சிறு குழந்தை. குழந்தையின் தகப்பன் முருகனும் தூக்குக் கைதி. 2000 ஏப்ரலில் நலினியின் தண்டனை மட்டும் ஆயுளாகக் குறைந்தது. 2018-ல் சிங்கப்பூரில் ராகுல் காந்தி பேசும்போது, பல ஆண்டுகள் வலியும் கோபமும் இருந்தன, இப்போது முழுமையாக மன்னித்துவிட்டோம் என்றார்.

இதற்கு நடுவே நடந்த ஒன்று என்னை இன்றும் யோசிக்க வைக்கிறது. 1999 தீர்ப்பை வழங்கிய மூவர் அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் நீதிபதி கே.டி. தாமஸ். ஓய்வு பெற்ற பிறகு, 2017-ல், அவர் சோனியாவுக்குக் கடிதம் எழுதினார். கைதிகளுக்குக் கருணை காட்ட நீங்கள் முன்வர வேண்டும் என்று கேட்டார். தூக்கை உறுதி செய்த நீதிபதி, கொல்லப்பட்டவரின் மனைவியிடம் மனு போடுகிறார்! சட்டப்படி சோனியாவுக்கு அதில் ஒரு அதிகாரமும் கிடையாது. விடுவிப்பதும் மறுப்பதும் அரசின் வேலை. ஆனாலும் சாவி அந்த வீட்டில்தான் இருக்கிறது என்று சட்டம் படித்த பெரியவர்களுக்கே தோன்றியிருக்கிறது.

அப்படியானால் மற்ற வீடுகள்?

அன்றிரவு தாயை, கணவனை, தகப்பனை இழந்த மற்றவர்கள் டெல்லியில் குடியரசுத் தலைவரைப் பார்க்கக்கூடியவர்கள் இல்லை. தூக்கும் ஆயுளும் பெற்ற எழுவரை விடுவிக்கக் கூடாது என்று அவர்களில் சிலர் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2019 மே மாதம் மனு தள்ளுபடியானது. குண்டுவெடிப்பில் படுகாயமடைந்து பிழைத்த பெண் காவல் அதிகாரி ஒருவர் பத்திரிகையாளர்களைக் கூட்டி, எங்கள் வலி யாருக்கும் கணக்கில்லையா என்று பலமுறை கேட்டார். அவர்களுக்கு நம் ஊர் சொன்ன பதில் என்ன? “சோனியாவே மன்னிச்சிட்டாங்க, உங்களுக்கு என்ன?”

இதைவிடக் கொடுமையான வாக்கியம் இல்லை. ஒருவர் மன்னித்ததை இன்னொருவர் தலையில் கட்ட முடியாது. கோபப்படும் விதவையை மட்டமாகவும் மன்னிக்கும் விதவையை உசத்தியாகவும் பார்ப்பது நாம் செய்யும் இரண்டாவது அநியாயம். பழிவாங்கும் எண்ணம் வந்ததற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்த எண்ணத்தைத் தண்டனையின் அளவுகோலாக வைத்தால், ஒரே குண்டில் செத்த ஒருவருக்காகக் கைதி விடுதலையாக வேண்டும், இன்னொருவருக்காக அதே கைதி தூக்கில் தொங்க வேண்டும். எந்த வீட்டுத் துக்கத்தை எடுத்துக்கொள்வது? நடைமுறையில் செல்வாக்குள்ள வீட்டின் துக்கம்தான் எடுபடும். எங்கும் அதுதான் நடக்கும்.

2011 ஆகஸ்டில் முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவரின் கருணை மனுக்களும் தள்ளுபடியாகி, செப்டம்பர் 9 என்று தூக்குக்கு நாள் குறித்தார்கள். ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அந்த வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. கன்றை இழந்த பசுவின் துயரத்துக்கு ஈடாகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டவன். பாதிக்கப்பட்டவருக்கு அதே அளவு பழி என்பதற்கு நம்மிடம் இருக்கும் மிகப் பெரிய உருவகம் அவன்தான். பழி வாங்கினால் கன்று திரும்புமா என்று யோசிக்காமல் சிலையைக் கும்பிட்டுவிட்டுப் போகிறோம். பெரிய புராணத்தில் கடைசியில் இறைவன் தோன்றி, கன்றும் இளவரசனும் பிழைத்தெழுகிறார்கள். அந்த முடிவு இருப்பதால்தான் கதை தாங்குகிறது. நீதிமன்றங்களுக்கு அந்த வசதி இல்லை.

பழியை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டதற்கு நியாயம் உண்டு. எடுத்தபோது பாதிக்கப்பட்டவரையும் சேர்த்து வெளியே தள்ளியதற்கு நியாயம் இல்லை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் நம் நீதிமன்றத்தில் யார்? அரசுத் தரப்பு சாட்சி, அவ்வளவுதான். கூப்பிட்டால் வர வேண்டும், வாய்தா போட்டால் திரும்ப வேண்டும், வழக்கு என்னவாயிற்று என்று பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘பாதிக்கப்பட்டவர்’ யார் என்பதற்கு நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் விளக்கம் சேர்ந்ததே 2008-ல் வந்த திருத்தத்தில்தான். அரசே இழப்பீடு தரும் திட்டமும், விடுதலையை எதிர்த்துத் தானே மேல்முறையீடு செய்யும் உரிமையும் அதே திருத்தத்தில் வந்தன. லக்கிம்பூர் கேரி வழக்கில், ஜாமீன் விசாரணை உட்பட எல்லாக் கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் பேச உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022-ல்தான் அழுத்திச் சொன்னது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டப்படி, வழக்கை அரசு வாபஸ் பெறுவதற்கு முன் அவர்களைக் கேட்டாக வேண்டும். ஏட்டில் இருக்கும் இவையெல்லாம் தாலுகா நீதிமன்றம் வரை வந்து சேர்ந்தால், தூக்கு கேட்டுக் கத்தும் குரல்களில் பாதி அடங்கும் என்பது என் எண்ணம். தன்னை யாருமே கேட்காதபோது மனிதனுக்குக் கேட்பதற்கு மிஞ்சுவது தலைதான்.

முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவரின் தூக்கும் 2014 பிப்ரவரியில் ஆயுளாயிற்று; கருணை மனுக்கள் 11 ஆண்டுகள் கிடப்பில் கிடந்ததே காரணம். 2022 மே 18-ல் பேரறிவாளனும் நவம்பர் 11-ல் மற்ற ஆறு பேரும் விடுதலையானார்கள். அன்று, இந்த விஷயத்தில் சோனியாவின் கருத்தோடு தாங்கள் உடன்படவில்லை என்று காங்கிரஸ் கட்சி பகிரங்கமாகச் சொன்னது. கணவனை இழந்தவரைவிடக் கட்சிக்குக் கோபம் அதிகம்.

வெளியே வந்தவர்களில் நால்வர் இலங்கைத் தமிழர்கள். சிறையிலிருந்து நேராகத் திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அதில் ஒருவரான சாந்தன், வயதான தாயைப் பார்க்க ஊருக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அனுமதி வந்தபோது உடல் படுத்துவிட்டது. 2024 பிப்ரவரி 28 அன்று சென்னையில் இறந்தார். உடல் யாழ்ப்பாணம் போனது. அவர் இறந்தது சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பொது மருத்துவமனையில். அதற்கு இப்போது ராஜீவ் காந்தி பெயர்.