கிடங்கில் தண்ணீர் புகுந்தால் கூவும் மின்பலகை: சால்டரிங் இல்லாமல் இணைக்கும் முறை



மழைக்காலத்தில் நமக்குள்ள பெரிய கவலை, கிடங்கில் தண்ணீர் புகுவதுதான். அடி வரிசை மூட்டை நனைந்தது காலையில் கதவைத் திறக்கும்போதுதான் தெரிகிறது. கடையும் வீடும் ஒரே கட்டிடத்தில் உள்ளவர்கள், தண்ணீர் வந்தவுடன் ஒலியெழுப்பும் சிறு கருவியைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளைக் கொண்டே செய்துகொள்ளலாம். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் வேலை இதற்குத் தேவையில்லை.

இதற்கு ஏற்றது பி.பி.சி. மைக்ரோபிட் என்ற பலகை. பிரிட்டனில் 2016ஆம் ஆண்டு சுமார் 10 லட்சம் பலகைகள் 11, 12 வயது மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டன. 5 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் கொண்டது. இரண்டு சிறிய பேட்டரிகளில், அதாவது 3 வோல்ட்டில் ஓடும்.

பலகையின் கீழ் விளிம்பில் 25 தொடுமுனைகள் உள்ளன. அவற்றில் துளையுள்ள பெரிய முனைகள் ஐந்து: 0, 1, 2, 3வி, ஜிஎன்டி. 3வி முனையில் மின்சாரம் வெளியே போகும். ஜிஎன்டி முனையில் திரும்பி வரும். பேரேட்டில் பற்றும் வரவும் போல இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு முடியும்.

இணைக்கும் வழிகள் வருமாறு:

1. குரோக்கடைல் கிளிப் கம்பி. துளையைக் கவ்விப் பிடிக்கும். கிளிப்பை விளிம்புக்கு நேராக நிமிர்த்திக் கவ்வ வேண்டும். சாய்ந்தால் பக்கத்துச் சிறு முனைகளில் உரசிவிடும்.

2. 4 மி.மீ. பனானா பின். துளைக்குள் நேரே செருகலாம்.

3. 3 மி.மீ. போல்ட், நட். கம்பியைச் சுற்றி முடுக்கிவிட்டால் எளிதில் கழலாது. நிரந்தரமாக வைப்பதற்கு இதுவே சிறந்தது.

4. சிறு முனைகள் 20ஐயும் பயன்படுத்த, பலகையைச் செருகும் கனெக்டர் தனியே உண்டு. அதிலிருந்து ஜம்பர் கம்பிகளைப் பிரெட்போர்டுக்குக் கொண்டுபோகலாம். பிரெட்போர்டில் ஒவ்வொரு சிறு வரிசையிலும் ஐந்து துளைகள் உள்ளே இணைந்திருக்கும்.

இனி நமது கருவி. 1ஆம் முனையிலிருந்து ஒரு கம்பியும் ஜிஎன்டியிலிருந்து ஒரு கம்பியும் எடுத்து, இரண்டு ஆணிகளில் கவ்வுங்கள். ஆணிகளை அரை அங்குல இடைவெளியில் ஒரு பிளாஸ்டிக் துண்டில் குத்தி, நுனி தரையிலிருந்து ஒரு நூல் உயரத்தில் நிற்கும்படி சுவரோரம் பொருத்துங்கள். கம்பி போதாவிட்டால் இன்னொரு கிளிப் கம்பியை அதன் நுனியில் கவ்வி நீட்டலாம். பலகை உயரமான இடத்தில் இருக்கட்டும்.

மேக்கோட் என்ற இலவச முறையில் கணினியில் கட்டளைகளை அடுக்கலாம். "எப்போதும் சோதித்துக்கொண்டே இரு, 1ஆம் முனை தொடப்பட்டிருந்தால் ஒலி எழுப்பு" என்பதே கட்டளை. தண்ணீர் இரு ஆணிகளையும் இணைத்தால் பலகை அதைத் தொடுதலாக அறிந்து கூவும். 2020இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒலிபெருக்கி உள்ளேயே இருப்பதால் அதைக் கேட்டு வாங்குங்கள். ஒலி சிறியது, ஆள் படுத்திருக்கும் இடத்துக்கு அருகில் பலகை இருப்பது நல்லது.

எச்சரிக்கை: 3வி முனையையும் ஜிஎன்டி முனையையும் நேரடியாகச் சேர்க்கக் கூடாது. பலகையை இரும்புப் பீரோ, தராசுத் தட்டு ஆகியவற்றின் மேல் வைத்தாலும் முனைகள் சேர்ந்து கெட்டுவிடும். மோட்டாரை முனைகளில் நேரே மாட்டக் கூடாது. அது இழுக்கும் மின்சாரத்தைப் பலகை தாங்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டு 230 வோல்ட் மின்சாரத்துக்கும் இந்தக் கம்பிகளுக்கும் எந்தத் தொடர்பும் கூடாது. அது உயிருக்கே ஆபத்து. பிள்ளைகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

சால்டரிங் இல்லாத இணைப்பு எளிதில் மாட்டலாம், எளிதில் கழன்றும் போகும். ஆகவே வாரம் ஒருமுறை கம்பிகளை அசைத்துப் பார்த்து, ஆணித் துருவைத் தேய்த்து, ஒரு கிண்ணம் தண்ணீரில் இரு நுனிகளையும் நனைத்துச் சோதிக்க வேண்டும். கூவவில்லை என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். மழைக்கு முன்பே இதைச் செய்துவைத்தால் மூட்டை தப்பும்.