நிலத்தை விலை பேசுமுன் கலந்தாய்வைப் பாருங்கள்!

பிளஸ் டூ முடிவு வந்ததும் கிராமத்தில் முதலில் நகை அடகுக்குப் போகிறது. அடுத்து நிலத்துக்கு விலை பேசப்படுகிறது. அதற்கு முன் ஒரு விஷயம். படிப்புச் செலவு கல்லூரியைப் பொறுத்தது மட்டுமல்ல; எந்த வழியில் இடம் வாங்குகிறோம் என்பதையும் பொறுத்தது.

ஒரே தனியார் பொறியியல் கல்லூரியில் அரசுக் கலந்தாய்வு இடமும் இருக்கும். நிர்வாக ஒதுக்கீட்டு இடமும் இருக்கும். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால், கலந்தாய்வில் சேரும் பிள்ளைக்கு முதல் பட்டதாரி கட்டணச் சலுகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் கிடையாது. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்தில் 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டத்துக்கும் விரிந்தது. இதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதுபோக, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் (2022), ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024) திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய்.

அதன் பிறகும் பணம் பற்றாவிட்டால், வங்கியில் 4 லட்சம் ரூபாய் வரை கல்விக் கடனுக்குச் சொத்து அடமானம் வேண்டாம்.

கலந்தாய்வு தொடங்குமுன் ‘இடம் தீர்ந்துவிடும்’ என்று அவசரப்படுத்தினால், முன்பணம் கட்டிவிடாதீர்கள். சில வாரம் பொறுத்தால், விற்க நினைத்த நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும்.