அருங்காட்சியகத்தில் ஏன் மங்கிய வெளிச்சம்?

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் லூமுட்டிலிருந்து கோலாலம்பூருக்குப் போகிறீர்களா? தேசியப் பள்ளிவாசலுக்கு அருகில் மலேசிய இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. 1998இல் திறக்கப்பட்டது. நிரந்தரக் காட்சிக்கூடங்கள் 12. சேகரிப்பில் 7,000க்கும் அதிகமான கலைப்பொருள்கள்.

புறப்படும் முன் ஒரு கணக்கு போடுங்கள். ஒரு பொருளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 7,000 பொருள்களுக்கு ஏறக்குறைய 117 மணி நேரம் ஆகும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. ஆகவே, மூன்று நான்கு கூடங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். எதை முதலில் பார்ப்பது? இதற்கு அறிவியல் விடை தருகிறது.

பழைய துணிகளும் கையெழுத்துப் பிரதிகளும் உள்ள இடங்களில் வெளிச்சம் குறைவாக இருக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்தவா? இல்லை. ஒளி ஓர் ஆற்றல். அது சாய மூலக்கூறுகளின் பிணைப்புகளை உடைக்கும், நிறம் வெளுக்கும். வெயிலில் காயும் உங்கள் சட்டைக்கும் இதுவே நடக்கிறது. சட்டை வெளுத்தால் வேறு வாங்கலாம். பல நூறு ஆண்டுப் பழைய துணியில் போன நிறம் திரும்பாது.

எனவே, இத்தகைய பொருள்களுக்கு அருங்காட்சியகங்கள் பொதுவாக 50 லக்ஸ் அளவு ஒளியே தருகின்றன. நண்பகல் வெயில் 100,000 லக்ஸ் வரை எட்டும். அதாவது 2,000 மடங்கு! பாதிப்பு, ஒளியின் அளவையும் நேரத்தையும் பொறுத்தது. ஒரு மணி நேர வெயிலில் விழும் ஒளி, நாளுக்கு 8 மணி நேரம் விளக்கெரியும் கூடத்தில் 250 நாள் விழும் ஒளிக்குச் சமம். வெயிலில் புற ஊதாக் கதிரும் சேர்ந்திருப்பதால் கேடு இன்னும் அதிகம்.

இனி உங்கள் கண்ணைக் கவனியுங்கள். வெயிலிலிருந்து உள்ளே வந்ததும் கண்மணி விரைவாக விரியும். ஆனால், விழித்திரையின் கோல் செல்கள் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் வேண்டும். ஆகவே, ஒளியால் எளிதில் கெடாத உலோகப் பொருள்களையும் பீங்கான்களையும் முதலில் பாருங்கள். கண் பழகிய பிறகு துணிகளுக்கும் சுவடிகளுக்கும் செல்லுங்கள். நுண்ணிய வேலைப்பாடுகள் தெளிவாகத் தெரியும்.

போவதற்கு ஒரு மாதம் முன்பே வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். வெயில் விழும் சன்னலோரத்தில் ஒரு வண்ணத்தாளை வைத்து, அதன்மேல் 50 சென் நாணயத்தை வையுங்கள். புறப்படும் நாளன்று நாணயத்தை எடுத்துப் பாருங்கள். அடியில் உள்ள வட்டத்தையும் சுற்றியுள்ள தாளையும் ஒப்பிட்டால், மங்கிய விளக்கின் காரணம் உங்களுக்கே புரியும்.