டிராக்டர் சொட்டுகிறதா? துடைத்துவிட்டுத் தேடுங்கள்

காப்பார், பந்திங், கோலசிலாங்கூர் பக்கம் போனால் செம்பனை வரிசைகளுக்கு நடுவே குலைகளை இழுத்துச் செல்லும் சிறிய டிராக்டர்களைப் பார்க்கலாம். குபோத்தா, யன்மார், இசேக்கி என்று ஜப்பானில் ஓடி முடித்து இங்கே மறுபிறவி எடுத்தவை பல. 1964இல் அறிமுகமான மாஸ்ஸி பெர்குசன் 135 போன்ற மூத்தவற்றை உயிரோடு காப்பாற்றி வருபவர்களும் உண்டு. வயதான வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரு குணம் பொது. நின்ற இடத்தில் ஒரு கறையை விட்டுச் செல்லும்.

"கொஞ்சம்தானே சொட்டுகிறது" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லிலிட்டர். 10 வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் 8 மணி நேர வேலையில் 2,880 சொட்டு, அதாவது 144 மில்லிலிட்டர். ஆறு நாளில் ஏறக்குறைய 860 மில்லிலிட்டர் எண்ணெய் மண்ணுக்குப் போய்விடுகிறது. அந்த எண்ணெய்க்கும் காசு, அது தீர்ந்துபோய்த் தேயும் பாகங்களுக்கும் காசு.

கசிவைக் கண்டதும் நேராக ஃபோர்மேனிடம் போய் "சீல் மாற்றுங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் சொட்டுவது என்ன என்று தெரிய வேண்டும். இரவில் வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டை ஒன்றை விரித்துவையுங்கள். காலையில் அதில் கறுப்பாக இருந்தால் இயந்திர எண்ணெய். 'மிஞ்ஞாக் ஹீத்தாம்' என்று நாம் சொல்வதும் இந்த நிறத்தை வைத்துத்தான். தேன் நிறத்தில் இருந்தால் கியர் எண்ணெய் அல்லது ஹைட்ராலிக் எண்ணெய். பல சிறிய டிராக்டர்களில் இந்த இரண்டு வேலைக்கும் ஒரே எண்ணெய்தான். தண்ணீர் போல ஓடி, மூக்கில் ஏறும் வாடை அடித்தால் டீசல். பச்சையாகவோ சிவப்பாகவோ இருந்து இனிப்பு வாடை வந்தால் கூலண்ட். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நச்சு. நாயும் பூனையும் அதன் இனிப்புக்கு நக்கிவிடும். உடனே கழுவிவிடுங்கள்.

வெளியே ஒரு சொட்டுகூட விழாத கசிவும் உண்டு. அளவுகோலை இழுத்துப் பார்க்கும்போது இயந்திர எண்ணெய் குறைவதற்குப் பதில் கூடியிருந்தால் மகிழ வேண்டாம். டீசல் உள்ளே கலந்து எண்ணெயை நீர்க்கச் செய்கிறது. எண்ணெய் தே தாரிக் நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. இயந்திர எண்ணெய் என்றால் சிலிண்டர் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். கியர் எண்ணெய் என்றால் பெரும்பாலும் நம் ஊர் மாலை மழைதான் காரணம். கியர் கம்பியைச் சுற்றியுள்ள ரப்பர் உறை கிழிந்து, கூரையில்லாத இடத்தில் வண்டி நின்றிருக்கும்.

அடுத்தது, எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. எண்ணெய் சொட்டும் இடம் வேறு, அது கிளம்பிய இடம் வேறு. புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது, ரேடியேட்டர் விசிறிக் காற்று அதைப் பின்னே தள்ளுகிறது. ஆகவே ஈரமான இடத்திலிருந்து மேலேயும் முன்னேயும் தேடிப் போக வேண்டும்.

இதில் அதிகம் ஏமாற்றுவது கிளட்ச் கூட்டின் அடிப்பகுதி. பல டிராக்டர்களில் அங்கே ஒரு சிறு துளை இருக்கும். சேறு அடைக்காமல் இருக்க அதில் ஒரு பின் தொங்கும். கசிவை வெளியே காட்டவே வைத்த துளை அது. கறுப்பு எண்ணெய் வந்தால் இயந்திரத்தின் பின் சீல், தேன் நிற எண்ணெய் வந்தால் கியர்பெட்டியின் முன் சீல் என்று ஃபோர்மேன் சொல்வார். சரிதான். ஆனால் அந்தச் சீலை மாற்ற வண்டியையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். கூலியே பெரிய தொகை. அதற்கு முன் மேலே ஏறிப் பாருங்கள். இயந்திரத்தின் உச்சியில் உள்ள வால்வு மூடியின் கேஸ்கெட் கசிந்தாலும் எண்ணெய் பின்பக்கமாக வழிந்து அதே இடத்துக்கு வந்து சொட்டும். இந்தக் கேஸ்கெட்டின் விலை சொற்பம், வேலை அரை நாளுக்குள் முடியும்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு எளிய வழி இருக்கிறது. எண்ணெய்க் கறையை நீக்கும் திரவத்தால் அந்தப் பகுதியை நன்றாகக் கழுவித் துடைத்துக் காய விடுங்கள். உயர் அழுத்த நீரைச் சீல்களின் மீது நேராகப் பீய்ச்ச வேண்டாம், அது நீரை உள்ளே தள்ளும். காய்ந்த பிறகு முகத்துக்குப் பூசும் டால்கம் பவுடரை மெல்லத் தூவுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் இயந்திரத்தை ஓட்டி நிறுத்துங்கள். வெண்மையில் முதலில் விழும் கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கசிவு. ஒன்றும் தெரியவில்லை என்றால் வண்டியை நன்றாகச் சூடேற்றிவிட்டு மறுபடி பாருங்கள். சூட்டில் எண்ணெயின் பாகுத்தன்மை குறைவதால், குளிர்ந்திருக்கும்போது அடங்கிக் கிடந்த கசிவு அப்போது வெளியே வரும்.

கையால் தடவாதீர்கள்

ஹைட்ராலிக் குழாயிலும் டீசல் இன்ஜெக்டர் குழாயிலும் கசிவு தேடும்போது கையைக் கிட்டே கொண்டு போகவே கூடாது. மூடிய திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்ற பாஸ்கல் கோட்பாட்டைப் படிவம் 5 மாணவர்கள் படிக்கிறார்கள். டிராக்டர் பின்னால் கலப்பையைத் தூக்குவது அதுதான். சிறிய டிராக்டரின் ஹைட்ராலிக் அழுத்தம் 150 பார் அளவுக்கு இருக்கும். காரின் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். 150 பாரில் ஒரு ஊசித் துளை வழியாகப் பீய்ச்சும் எண்ணெயின் வேகத்தைக் கணக்கிட்டால், உராய்வை விட்டுவிட்டால், வினாடிக்கு 180 மீட்டரைத் தாண்டும். தோலைத் துளைக்க 7 பார் அழுத்தமே போதும்.

அந்தத் தாரை கண்ணுக்குத் தெரியாது. பட்ட இடத்தில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் இருக்கும், முதலில் வலிகூட அதிகம் இராது. உள்ளே போன எண்ணெயோ தசைநார் வழியே பரவி, சில மணி நேரத்தில் விரலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டு போகலாம். அப்படி நடந்தால் மருந்து பூசிவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், "உயர் அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே பாய்ந்துவிட்டது" என்று அழுத்திச் சொல்லுங்கள். அறுவை சிகிச்சைக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். கசிவைத் தேட நீளமான அட்டைத் துண்டைப் பிடித்தால் போதும், அட்டை நனைந்து காட்டிக் கொடுக்கும். எந்த இணைப்பைத் தளர்த்தும் முன்பும் தூக்கியதைத் தரையில் இறக்கி, இயந்திரத்தை நிறுத்தி, நெம்புகோலை முன்னும் பின்னும் ஆட்டி அழுத்தத்தை வெளியேற்றிவிடுங்கள்.

சீல் ஏன் தோற்கிறது?

சுழலும் தண்டின் மீது சீலின் ரப்பர் உதடு இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருப்பதாகத்தான் பலர் நினைக்கிறோம். உண்மையில் இரண்டுக்கும் நடுவே ஒரு மைக்ரோமீட்டர் அளவில் எண்ணெய்ப் படலம் இருக்கிறது. தலைமுடியின் தடிமனில் பல பத்தில் ஒரு பங்கு. உதட்டின் நுண்ணிய வடிவம், தண்டு சுழலச் சுழல, வெளியே வரப் பார்க்கும் எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளுகிறது. நல்ல சீல் ஒரு குட்டி பம்ப் என்றே சொல்லலாம். ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்த ரப்பர் கெட்டியாகி, கண்ணாடி போல ஆகும்போது இந்த வேலை நின்றுபோகிறது.

இன்னொன்று, சாதாரண ஆயில் சீல் தாங்கும் அழுத்தம் சுமார் 0.3 பார்தான். இயந்திரத்துக்கும் கியர்பெட்டிக்கும் உள்ளே சேரும் காற்றை வெளியே விட ஒரு மூச்சுக்குழாய் உண்டு. அது சேற்றாலும் பிசுக்காலும் அடைபட்டால் உள்ளழுத்தம் ஏறி, புத்தம் புதிய சீலையும் தாண்டி எண்ணெய் வெளியேறும். மாற்றிய சீல் மூன்றே மாதத்தில் மறுபடி கசிந்தது என்று புலம்பும் பலர் இந்தக் குழாயைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால், எந்தச் சீலைத் தொடுவதற்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். காசும் இல்லை.

பழைய சீலைக் கழற்றியதும் தண்டை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்கு வளையப் பள்ளம் இருந்தால் புதுச் சீலும் நிற்காது. தண்டின் மீது ஏற்றும் மெல்லிய உலோக உறை கிடைக்கிறது. இல்லையென்றால், இடம் இருந்தால் புதிய சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தி, தேயாத பகுதியில் உதடு படச் செய்யலாம். சீலின் முகத்தில் 35×52×8 என்பது போல எண் இருக்கும். உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் என்று மில்லிமீட்டரில் படிக்க வேண்டும். அந்த எண் இருந்தால் வண்டியின் பெயரே சொல்லாமல் கடையில் வாங்கலாம். பொருத்தும்போது சுருள் வில் தெரியும் பக்கம் எண்ணெயை நோக்கி இருக்கட்டும். உதட்டில் எண்ணெய் தடவ மறக்காதீர்கள், காய்ந்த உதடு முதல் சில சுற்றிலேயே கருகிவிடும்.

டீசல் குழாய் இணைப்புகளில் உள்ள செம்பு வாஷரை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி மென்மையாகும், ஒரு முறை தாராளமாகப் பயன்படும். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை மட்டும் ஹைட்ராலிக் இணைப்பில் சுற்ற வேண்டாம். அங்கே பெரும்பாலும் அடைப்பது மரை அல்ல, உலோக முகமோ ஓ-ரிங்கோதான். டேப் துணுக்கு உள்ளே போனால் வால்வு மாட்டிக்கொள்ளும்.

எல்லாக் கசிவையும் இன்றே சரி செய்யக் காசு இல்லாமல் இருக்கலாம். வால்வு மூடிக் கசிவு ஒரு மாதம் காத்திருக்கும், அளவை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் மாஸ்ஸி 135 போல உலர் டிரம் பிரேக் உள்ள வண்டியில் பின் அச்சுச் சீல் கசிந்தால் எண்ணெய் நேராகப் பிரேக் மீது போகும். குலை ஏற்றிய டிரெய்லரோடு சரிவில் இறங்கும்போது பிடிக்காது. டீசல் சூடான புகைக்குழாய் மீது விழுந்தாலும் அப்படித்தான், வண்டியை அங்கேயே நிறுத்த வேண்டும்.

வடித்த பழைய எண்ணெயைச் செடி வேரிலோ சாக்கடையிலோ ஊற்றாமல் மூடியுள்ள டின்னில் சேருங்கள். 2005ஆம் ஆண்டின் திட்டமிடப்பட்ட கழிவு விதிமுறைகளில் பழைய மசகு எண்ணெய் எஸ்.டபிள்யூ. 305 என்றும், பழைய ஹைட்ராலிக் எண்ணெய் எஸ்.டபிள்யூ. 306 என்றும் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் பட்டறைக்காரர் தம் எண்ணெயை உரிமம் பெற்ற வாங்குநரிடம் கொடுக்கிறாரா என்று கேளுங்கள். கொடுக்கிறார் என்றால் உங்கள் டின்னையும் அவரிடமே சேர்க்கலாம்.